ஆடாத மேஜை

நாகரிக உலகமே, சற்று நில். கையில் இருக்கும் வேலையைக் கீழே வை. முடிந்தால் எழுந்தே நில்.

நகரப் பொது நூலகக் குழுவின் தலைவரும், கல்விச் சுடரும், பண்பின் சிகரமும், அழைப்பிதழில் இடம் போதாமல் விடுபட்டுப்போன இன்னும் பல பட்டங்களுக்கு உரியவருமான பெரியவர், தம் கையால் எழுதி, தம் செலவில் அச்சிட்டு, தமக்கே சமர்ப்பணம் செய்துகொண்ட தன்வரலாற்று நூலின் முதல் பிரதி, தோல் அட்டையோடும் தங்க எழுத்தோடும், நூலகத்தின் கண்ணாடிப் பெட்டியிலிருந்து காணாமல் போய்விட்டது.

உலகம் நிற்கவில்லை. நூலக வாசலைக் கடந்த பஸ்கூட வேகத்தைக் குறைக்கவில்லை.

நாம் மட்டும் நின்றுதான் ஆக வேண்டும். ஏனென்றால் உள்ளே ஒருத்திக்கு வேலை போகப் போகிறது.

அவளை எல்லோரும் 'சீல் அக்கா' என்பார்கள். புத்தகம் எடுப்பவர்களுக்குத் தேதி முத்திரை குத்துவது அவள் வேலை. தற்காலிகப் பணியாளாகச் சேர்ந்தவள். தற்காலிகமாகவே தலை நரைத்துக்கொண்டிருந்தவள். அவளை நிரந்தரமாக்கும் தீர்மானம் அன்று மதியக் குழுக் கூட்டத்துக்கு வருவதாக இருந்தது. காலையில் பெட்டி காலி என்று தெரிந்ததும், அதே கூட்டத்தில் அவளை வீட்டுக்கு அனுப்பும் தீர்மானம் வரும் என்று ஆகிவிட்டது. நேற்று மாலை கதவைப் பூட்டியது அவள். இன்று காலை திறந்தது அவள். குழுவுக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

சீல் அக்கா அழவில்லை. அண்ணிக்கு போன் போட்டாள்.

அண்ணி என்பது தையல் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் பெண்மணி. அதற்கு முன் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவள். ஒரு கடை தானாக எரிந்ததா, முதலாளி எரித்தாரா என்பதை முதலாளியின் அழுகையை வைத்தே சொல்லிவிடுவாள். அவளுக்கு உதவியாளன் அவள் கொழுந்தன். அவன் மூச்சுக்கு மூச்சு 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டதில் ஊருக்கே அவள் அண்ணியாகிவிட்டாள். அவன் பெயர் வத்தி. ஒல்லியாக இருப்பதால் வந்த பெயர் என்று அவன் சொல்வான். நாலு பேர் நிம்மதியாகப் பேசிக்கொண்டிருந்தால் அவனுக்குப் பொறுக்காது என்பதால் வந்த பெயர் என்பது அண்ணியின் கட்சி.

இருவரும் நூலகத்துக்குள் நுழைந்தபோது வாசிப்பறை நிறைந்திருந்தது. வத்தி வெளியே வாங்கிய டீயைப் பத்திரிகை மேஜையில் வைத்துவிட்டுக் கண்ணாடிப் பெட்டியை நோக்கி நடந்தான். பாதியில் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணி, டீ சிந்தல."

"அதுக்கு?"

"இந்த மேஜையில வச்ச எதுவும் சிந்தாம இருந்து நான் பார்த்ததே இல்ல. நூலகத்துல இன்னைக்கு ஒரு நல்லது நடந்திருக்கு."

"வேலையைப் பாரு."

கண்ணாடிப் பெட்டி மண்டபத்தின் நடுவில், புதிதாகப் பிறந்த இளவரசனின் தொட்டில் மாதிரி நின்றது. உள்ளே பட்டுத்துணி. பட்டுத்துணியின் மேல் வெறுமை. வத்தி சட்டையிலிருந்து ஒரு ஊக்கை எடுத்துப் பூட்டில் நுழைத்தான். பூட்டு கொட்டாவி விட்டுத் திறந்துகொண்டது.

"விலை உயர்ந்த பூட்டு அது!" என்றது பின்னால் ஒரு குரல்.

தலைவர் வந்துவிட்டார். கூடவே துணைத் தலைவர். அவருடைய ஒரே பணி, தலைவர் வாக்கியத்தை முடிக்கும்போது தலையை ஆட்டுவது. அவர்களுக்குப் பின்னால் உள்ளூர்ப் பத்திரிகை நிருபர். ஒரு கையில் பேனா, இன்னொரு கையில் குழுவின் பிஸ்கட்.

"ரொம்ப உயர்ந்த பூட்டுதாங்க," என்றான் வத்தி. "யாரு கேட்டாலும் மரியாதையா திறந்து விடுது."

தலைவர் அவனைப் பார்க்காமல், அவனுக்கு மேலே இருந்த மின்விசிறியைப் பார்த்துப் பேசினார். மேடையில் பழகியவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

"இது என் தனிப்பட்ட இழப்பு அல்ல. தலைமுறைகளின் இழப்பு. யாரோ ஒருவர், இன்று மாலை வெளியீட்டு விழா வரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல், அறிவுப் பசி தாங்க முடியாமல் எடுத்துச் சென்றிருக்கிறார். அந்தத் திருடனை நான் மன்னிக்கிறேன்."

"அப்ப சீல் அக்காவை?" என்று கேட்டாள் அண்ணி.

"கவனக்குறைவை மன்னிப்பது நிர்வாகம் ஆகாது."

துணைத் தலைவர் தலையை ஆட்டினார். நிருபர் 'அறிவுப் பசி' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

"திருடுற அளவுக்கு உங்க எழுத்துக்கு மவுசு இருக்குங்களா?" என்றாள் அண்ணி. கேட்ட விதத்தில் பணிவு வழிந்தது. வத்திக்குப் புரிந்துவிட்டது. கடை எரிந்த முதலாளிகளிடம் அவள் இப்படித்தான் ஆரம்பிப்பாள்.

தலைவரின் முகம் மலர்ந்தது. "என் அறைக்கு வாருங்கள்."

தலைவர் அறையின் ஜன்னல் வாசிப்பறையைப் பார்த்திருந்தது. அதன் வழியே ஒரே ஒரு ரேக்தான் தெரிந்தது. தலைவர் இதுவரை எழுதிய நூல்கள் அனைத்தும், நூலகத்துக்கு அவரே அன்பளிப்பாகத் தந்த கட்டுக் கட்டான பிரதிகளோடு அங்கே அணிவகுத்து நின்றன. அவருடைய பயண நூல், கவிதைகள், இளைஞர்களுக்கு அவர் கேட்காமலே சொன்ன அறிவுரைகள். ரேக்கின் முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் கையை உள்ளே விட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"பார்த்தீர்களா? எந்நேரமும் கூட்டம். காலையில் வந்ததும் அங்கேதான் ஓடுகிறார்கள். போகும்போதும் அங்கேதான் நிற்கிறார்கள். பிரிய மனமில்லை." தலைவர் குரல் தழுதழுத்தது. "ஒரு காலத்தில் இந்த மக்கள் மர்ம நாவல்களைப் படித்துக் கெட்டார்கள். அந்தக் குப்பையை வாசல் தூணுக்குப் பின்னால் தள்ளச் சொன்னதே நான்தான். இப்போது அந்தப் பக்கம் ஈ காக்கை போவதில்லை. ரசனை உயர்ந்துவிட்டது."

"நீங்க போய்ப் பார்த்தீங்களா?"

"யாரும் போகாத இடத்துக்கு நான் ஏன் போகிறேன்?"

அண்ணி கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தாள். நேராகத் தலைவர் ரேக்குக்குப் போனாள். அங்கே நின்ற இருவரும் திருடர்கள் மாதிரி நழுவினார்கள்.

"அண்ணி, இதையெல்லாம் படிச்சுத் துப்பு கண்டுபிடிக்கப் போறீங்கன்னா, நான் இப்பவே ராஜினாமா பண்றேன்."

"கவிதைத் தொகுதிய வெளிய எடு."

வத்தி ஒரு கைநிறையக் கவிதைகளை உருவினான். பின்னால் இருட்டு. இருட்டுக்குள் ஒரு சந்தை.

அட்டை கிழிந்த மர்ம நாவல்கள் வரிசையாக ஒளிந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு அடையாளம் துருத்திக்கொண்டிருந்தது: பஸ் டிக்கெட், தலை வாரும் சீப்பு, மாத்திரை அட்டை. தொழிற்சாலைப் பொறியியல் நூல் ஒன்றின் அட்டைக்குள் ஒரு காதல் கதை பதுங்கியிருந்தது. மடித்த குடை ஒன்று. யாருடையதோ மூக்குக் கண்ணாடி. பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம்.

"என்ன அண்ணி இது, ஊரே இங்க குடித்தனம் பண்ணுது?"

"ஒரு தடவைக்கு இத்தனை புத்தகம்தான் வீட்டுக்குக் கொண்டுபோகலாம்னு விதி இருக்குல்ல. பாதி படிச்சதை அப்படியே ரேக்குல வச்சா, நாளைக்கு வேற எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான். அதனால எல்லாரும் இதுக்குப் பின்னால ஒளிச்சு வைப்பாங்க. தலைவர் புத்தகத்தை யாரும் நகர்த்த மாட்டாங்க. பேங்க் லாக்கரைவிடப் பாதுகாப்பு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அண்ணி அடுத்த தட்டுக்கு நகர்ந்தாள். வத்தி ஒரு நாவலைப் பிரித்தான். உள்ளே அடையாளத்துக்கு வைத்திருந்த காகிதத்தை உருவிப் பார்த்தான்.

"அண்ணி, இது நம்ம வீட்டு கரண்ட் பில். தொலைஞ்சு போச்சுன்னு அண்ணனைப் போட்டு வறுத்தீங்களே!"

"உங்க அண்ணன் வேற எதையாவது தொலைச்சிருப்பாரு. அந்தத் தோல் அட்டை இருக்கா, பாரு."

அவன் கை முழுதும் தூசியாகும் வரை துழாவினான். "எல்லாம் இருக்கு. சரித்திரம் மட்டும் இல்ல. துப்பு செத்துப் போச்சு."

"இப்பத்தான் உயிரே வந்திருக்கு." அண்ணி கரண்ட் பில்லைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டாள். "தடிமனான புத்தகம். நாலு பேரு பார்க்க அதைக் கக்கத்துல இடுக்கிட்டு வாசலைத் தாண்ட முடியாது. எடுத்தவன் உள்ளேயேதான் ஒளிச்சிருக்கணும். இந்த நூலகத்துல எதையாவது ஒளிக்கணும்னா எங்க போவாங்க?"

"இங்க."

"யாருக்கெல்லாம் இந்த இடம் தெரியும்?"

"சீல் அக்காவுக்குத் தெரியும். நூலகருக்குத் தெரியும். வாசகர்கள் எல்லாருக்கும் தெரியும். கூட்டுற அம்மாவுக்குத் தெரியும். பிஸ்கட் அவங்களோடதாத்தான் இருக்கும்."

"ஆனா திருடன் இங்க வைக்கல. ஏன்னா, இந்த ரேக்கை நாளெல்லாம் ஜனங்க புரட்டிப் புரட்டிப் படிக்கிறாங்க, இங்க வச்சா உடனே மாட்டிக்குவோம்னு அவன் நம்பியிருக்கான். அப்படி நம்புற ஆளு இந்த ஊர்ல எத்தனை பேரு?"

வத்தி மெதுவாகத் திரும்பித் தலைவர் அறை ஜன்னலைப் பார்த்தான். உள்ளே தலைவர், தம் ரேக்கின் முன் இரண்டு வாசகர்கள் இத்தனை நேரம் நிற்பதைப் பார்த்துக் கண்கலங்கிக்கொண்டிருந்தார்.

"தன் புத்தகத்தைத் தானேவா? எதுக்கு அண்ணி?"

"விற்காத புத்தகம் ஊர்ல நிறைய இருக்கு. திருடு போற புத்தகம் எத்தனை இருக்கு? நாளைக்குப் பத்திரிகையில வரும் பாரு, அறிவுப் பசி. நிருபர் அடிக்கோடு போட்டாச்சு. விழா தொடங்குறதுக்கு முன்னாடி புத்தகம் அதிசயமாக் கிடைக்கும். கைதட்டல் ரெட்டிப்பாகும்."

"அப்ப சீல் அக்கா?"

"திருட்டுக்குத் திட்டம் போட்ட மனுஷன் திருடனுக்குத் திட்டம் போடல. யாரு பொறுப்புன்னு நாலு பேரு கேட்டதும், கைக்கு எட்டுற தூரத்துல அவ இருந்தா. நானே எடுத்தேன்னு சொல்லணும், இல்ல அவளை விட்டுக் கொடுக்கணும். அவருக்கு ரெண்டாவது சுலபமா இருந்திருக்கு."

"சரி, எங்க ஒளிச்சிருப்பாரு?"

"ஈ காக்கை போகாத இடத்துல."

தூணுக்குப் பின்னால் ஈ காக்கைக்கு இடம் இல்லை. மர்ம நாவல் ரேக்கின் முன் அத்தனை நெரிசல். உயர்ந்துவிட்ட ரசனை முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தது. கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், தலைவரின் ஒவ்வொரு நூலுக்கும் அணிந்துரை எழுதியவர், 'ரத்த' என்று தொடங்கும் நாவலை மார்போடு அணைத்திருந்தார். அண்ணியைப் பார்த்ததும், "ஆராய்ச்சிக்காக," என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

வத்தி தரையோடு படுத்துக் கீழ்த்தட்டுவரை துழாவினான். எழுந்து சட்டையைத் தட்டினான்.

"இல்ல அண்ணி. உங்க துப்பு அழகா இருந்துச்சு. புத்தகம்தான் ஒத்துழைக்கல."

சீல் அக்கா அங்கே வந்தாள். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் அவளுடைய தண்ணீர் பாட்டில், நாற்காலியில் போடும் மெத்தை, கால் வலித் தைலம். இத்தனை வருஷ வேலை ஒரு பைக்குள் அடங்கியிருந்தது.

"கூட்டத்துக்கு எல்லாரும் உட்கார்ந்துட்டாங்க. என்னைக் கூப்பிடுவாங்களாம். முத்திரையை நூலகர்கிட்ட கொடுத்துட்டேன்," என்றாள். "வேலை போனா போகட்டும்மா. தலைவர் புத்தகத்தைத் திருடுனவள்னு பேரு வருது பாரு, அதைத்தான் தாங்க முடியல. அதை வச்சு நான் என்ன பண்ணுவேன்?"

"அக்கா, இன்னைக்குக் காலையில இந்த ரேக்குக்கு முதல்ல வந்தது யாரு?"

"வழக்கம்போல முதல் பேப்பர்தான். பேப்பர் கட்டுப் பிரிக்கிற வரைக்கும் இங்கதான் மேய்வாரு."

'முதல் பேப்பர்' என்பது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். அன்றைய செய்தித்தாளைத் தமக்கு முன் வேறு ஒருவர் பிரித்தால் அது பழைய செய்தி என்பது அவர் கொள்கை. பத்திரிகை மேஜையின் ஓர இருக்கை அவருக்கு எழுதி வைக்கப்படாத சொத்து. அந்த மேஜையின் ஒரு கால் குட்டை. எழுந்தால் ஆடும், உட்கார்ந்தால் ஆடும், எதிரே ஒருவர் தும்மினால் ஆடும். சரிசெய்யச் சொல்லி அவர் கொடுத்த மனுக்கள் எல்லாம் 'பரிசீலனையில்' இருந்தன. மரவேலைக்கு ஒதுக்கிய தொகையில் குழு கண்ணாடிப் பெட்டி செய்துவிட்டது.

அண்ணி சட்டென்று நிமிர்ந்தாள்.

"வத்தி, உன் டீ எங்க?"

"ஆறிப் போய் மேஜை மேலேயே இருக்கு. ஏன், தொண்டை காயுதா?"

"சிந்தலைன்னு சொன்னியே!"

இருவரும் பத்திரிகை மேஜைக்குப் போனார்கள். முதல் பேப்பர் நிமிரவில்லை. அண்ணி குனிந்தாள். மேஜை விளிம்பில் தொங்கிய செய்தித்தாளை விலக்கினாள்.

குட்டைக் காலுக்கு அடியில், தரையோடு தரையாக, தோல் அட்டையோடு ஒரு புத்தகம் குப்புறப் படுத்திருந்தது. அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தியிருந்தது.

"ஐயா, இது எங்க கிடைச்சுது?"

"நாவல் ரேக்குலம்மா. பின்னாடி எவனோ செருகி வச்சிருந்தான். இடத்தை அடைச்சுக்கிட்டு நின்னுச்சு. தூக்கிப் பார்த்தேன், நல்ல கனம். அட்டையில ஒரு ஆளு படம் இருந்துச்சு. மூஞ்சி மேல மேஜைக் காலை வைக்க மனசு வரல. அதான் கவுத்து வச்சேன்."

"காலையிலேர்ந்து ஊரே இதைத்தான் தேடுது. சொல்லியிருக்கலாமே?" என்றான் வத்தி.

முதல் பேப்பர் உண்மையிலேயே திகைத்துப் போனார். "பொக்கிஷம் காணோம், கருவூலம் காணோம்னுதானேப்பா கத்துனாங்க. நான் தங்கத்துல என்னவோன்னு நினைச்சேன்."

சீல் அக்கா புத்தகத்தை எடுக்கக் குனிந்தாள். அண்ணி அவள் கையைப் பிடித்தாள்.

"எடுக்காதீங்க. இப்ப கொண்டுபோய்க் கொடுத்தா, நீங்களே ஒளிச்சு வச்சு, பயந்து போய் எடுத்துக் கொடுத்தீங்கன்னு தீர்மானம் போட்டுடுவாங்க. அவர் வாயாலதான் வரணும்."

"அந்த வாயிலேர்ந்து வராதது ஒண்ணும் இல்ல," என்றான் வத்தி. "உண்மை மட்டும்தான் பாக்கி."

குழு அறையில் தீர்மானம் தட்டச்சாகித் தயாராக இருந்தது. நிருபர் வராந்தாவில் பிஸ்கட்டோடு இருந்தார். அண்ணி சீல் அக்காவை முன்னால் விட்டு உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினாள்.

"புத்தகம் கிடைச்சிடுச்சு, தலைவரே."

குழுவினர் கைதட்ட ஆரம்பித்தார்கள். தலைவர் தட்டவில்லை. சாயங்காலம் வெடிக்க வேண்டிய பட்டாசை மத்தியானமே யாரோ கொளுத்திவிட்ட முகம்.

"எங்கே... எங்கே இருந்தது?"

"சொல்லவே சங்கடமா இருக்குங்க. பேப்பர் மேஜைக்குக் கால் குட்டையாம். முட்டுக் கொடுத்து வச்சிருக்காங்க. குப்புற."

தலைவர் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்தது. 

"முட்டா? என் வாழ்க்கையை மேஜைக்கு முட்டாகவா? எவன் அவன்? நேற்று பூட்டும் நேரத்தில் தூணுக்குப் பின்னால் எவ்வளவு பத்திரமாகத் துடைத்து வைத்தேன், அதை எடுத்து எவன்..."

மின்விசிறியின் சத்தம் திடீரென்று நன்றாகக் கேட்டது.

துணைத் தலைவர் பழக்க தோஷத்தில் தலையை ஆட்டிவிட்டு, பிறகுதான் எதற்கு ஆட்டினோம் என்று யோசித்தார்.

"மேல சொல்லுங்க தலைவரே," என்றான் வத்தி. "ரசிச்சுக் கேட்டுட்டு இருக்கோம். துடைச்சு வச்சீங்க. அப்புறம்?"

தலைவர் உட்கார நாற்காலியைத் தேடினார். அது விழுந்து கிடந்தது. நின்றுகொண்டே, "இலக்கியத்தின் மீது மக்களின் கவனத்தைத் திருப்பவே..." என்று ஆரம்பித்தார். வாக்கியம் எங்கும் போய்ச் சேரவில்லை.

"நிருபர் வெளியதான் இருக்காரு," என்றாள் அண்ணி. பணிவெல்லாம் எங்கோ போய்விட்டது. "அவர் ரெண்டு செய்தியில ஒண்ணை எழுதலாம். தலைவர் தன் புத்தகத்தைத் தானே திருடி, ஒரு பொம்பளை தலையில பழியைப் போட்டாருன்னு எழுதலாம். இல்ல, புத்தகம் இடம் மாறியிருந்துச்சு, ஊழியரை நிரந்தரமாக்கிட்டாங்கன்னு எழுதலாம். ரெண்டுமே நல்ல செய்திதான். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

தலைவர் துணைத் தலைவரைப் பார்த்தார். துணைத் தலைவர் மேஜையைப் பார்த்தார். பிறகு, சீல் அக்காவை நீக்கும் தீர்மானத்தை முன்மொழியக் கொண்டுவந்திருந்த அதே பேனாவின் மூடியைக் கழற்றி, அவளுடைய நேர்மையைத் தாம் ஆரம்பத்திலிருந்தே போற்றி வந்ததாகச் சொல்லி, நிரந்தரமாக்கும் தீர்மானத்தை முன்மொழிந்தார். குழு ஒருமனதாக ஏற்றது. காலையில் அவளை அனுப்பவும் அது ஒருமனதாகத்தான் இருந்தது.

தலைவர் கையெழுத்துப் போட்டார். ஆட்டோகிராப் போடும் கையெழுத்து. காகிதத்தில் பாதி இடத்தை அடைத்தது.

சீல் அக்கா உத்தரவை வாங்கி மடித்து, தைலத்துக்கும் மெத்தைக்கும் நடுவில் வைத்தாள். வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"ஒண்ணு கேட்கணும் தலைவரே. உங்க கையால என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பீங்களா?"

தலைவர் மின்விசிறியைப் பார்த்தார். இந்த முறை அதனிடம் சொல்ல அவருக்கு எதுவும் இல்லை.

"சரி," என்றாள் சீல் அக்கா. "முத்திரையை நூலகர்கிட்டேர்ந்து வாங்கணும். வெளிய வரிசை நிக்குது."

மாலையில் விழா நடந்தது. சிறப்பு விருந்தினர் நூலை வெளியிட்டு, அதைப் பிரிக்காமலே ஒரு மணி நேரம் பாராட்டினார். பேராசிரியர் வாழ்த்துரை வழங்கினார். அவருடைய கோட்டுப் பையில் 'ரத்த' எட்டிப் பார்த்தது. அண்ணி பின்வரிசையில் உட்கார்ந்து, தலைவர் ரேக்கிலிருந்து மீட்ட நாவலின் கடைசி அத்தியாயத்தைப் படித்தாள். கொலைகாரன் யார் என்பதை வத்தி அவளுக்கு முன்பே சொல்லித் தொலைத்தான். பத்திரிகை மேஜை மறுபடி ஆடத் தொடங்கியிருந்தது. முதல் பேப்பர் புதிதாக ஒரு மனு எழுதிக்கொண்டிருந்தார்.

விழா முடிந்ததும் தோல் அட்டைப் பிரதியைப் பட்டுத்துணியில் கிடத்தினார்கள். அவசரத்தில் பெட்டியைப் பூட்ட மறந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகும் யாரும் பூட்டவில்லை. புத்தகம் அங்கேயேதான் இருக்கிறது.